கடைசிப் பந்திக்குப் பாயசம் இல்லை

பாயச அண்டாவின் அடியில் கரண்டி உரசிய சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. பெரியம்மா மகளின் கல்யாணம், கடைசிப் பந்தி. உட்கார்ந்திருந்தது மாப்பிள்ளையின் அம்மாவும் அவருடைய நெருங்கிய உறவுகளும். பரிமாற வந்தவர் வெறும் வாளியைக் காட்டிக் கையைப் பிசைந்தார். "ஏனுங்க, பொண்ணு ஊட்டுல இவ்வளவுதானுங்களா?" என்று கேட்டுவிட்டு, அந்த அம்மா மோருக்குக்கூடக் காத்திராமல் எழுந்துவிட்டார்.

எங்கள் பக்கத்தில் விருந்து என்றால் மிஞ்ச வேண்டும். மிஞ்சியதைப் பார்த்துத்தான் குடும்பத்தின் பெருமையை அளப்பார்கள். மதுக்கரையில் கல்யாணம் நடந்த மண்டபத்துக்குப் பின்னால் ஒரு பள்ளம், அதைத் தாண்டினால் ரயில் பாதை, அதற்கப்பால் மலை. மிஞ்சிய சோறும் எச்சில் இலையும் அந்தப் பள்ளத்துக்குத்தான் போகும். முகூர்த்த மாதங்களில் யானைகள் பாதையைக் கடந்து அங்கே வருவதை, அழைக்காத விருந்தாளிகள் என்று சொல்லிச் சிரிப்போம்.

கல்யாணத்துக்கு முந்தைய ஆவணியில் ஒரு பெண் யானை அங்கே ரயிலில் அடிபட்டுச் செத்தது. பெரியம்மாவோடு நானும் போய்ப் பார்த்தேன். ஊர்சனம் மஞ்சள் தெளித்து, மாலை போட்டு, கற்பூரம் கொளுத்தியது. கும்பிட்ட கையெல்லாம் பள்ளத்தில் சோறு கொட்டிய கைதான். நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பெரியம்மா கும்பிடவில்லை. தும்பிக்கையோரம் ஒட்டியிருந்த வாழையிலைத் துண்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நாம போட்ட எலை, அம்மணி. சோத்தக் காட்டிக் கூட்டியாந்து கொன்னுபோட்டோம்" என்றார்.

அதனால்தான் மகள் கல்யாணத்துக்கு யார் யார் வருகிறார்கள் என்று வீடுவீடாகக் கேட்டு, அளவாகச் சமைக்கச் சொன்னார். எச்சில் இலைகளை வண்டியில் ஏற்றி, மலையிலிருந்து தள்ளியிருந்த ஒரு தோட்டத்து உரக்குழிக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார். "கொறைஞ்சா எம் பேரு கெட்டுப்போயிருமுங்க" என்று சமையல்காரர் கெஞ்சியும் கேட்கவில்லை. குறைந்துதான் போனது. காரணத்தைச் சொன்னால் சாக்கு என்பார்கள் என்று பெரியம்மா வாயைத் திறக்கவில்லை. சம்பந்தி வீட்டார் முகம் கொடுக்காமல் கிளம்பினார்கள்.

சமையல்கட்டில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அவர் அழுததைப் பார்த்தேன். எனக்கு மனசு தாங்கவில்லை. தெரிந்துதானே செய்தீர்கள் என்று கேட்டேன்.

"தெரிஞ்சு செஞ்சா வலிக்காதா கண்ணு? சம்பந்தி கால்ல உழுந்தாவது சமாதானம் பண்ணிக்கலாம். செத்தது எந்திரிச்சு வருமா?"

அக்கா புகுந்த வீட்டில் அந்தப் பாயசப் பேச்சை வருடக்கணக்கில் கேட்டாள். பெரியம்மா போன பிறகும் அது ஓயவில்லை. உண்மைக் காரணத்தை அவள் எப்போது தன் மாமியாரிடம் சொன்னாளோ, எனக்குத் தெரியாது.

இந்தத் தை மாதம் அக்கா மகளுக்குப் பூப்புச் சீர், அதே மண்டபத்தில். இந்த முறை விருந்து வைப்பது அந்த மாமியார் வீடு. கம்பூன்றி நடக்கும் வயது அவருக்கு. புதிய சமையல்காரர், "கொஞ்சம் கூடவே போட்டுருலாமுங்களா? மிஞ்சுனாத்தானுங்க மரியாதை" என்றார்.

"அளவாப் போடுங்க. கொறைஞ்சா கொறையட்டும்" என்றார் அந்த அம்மா. "கடைசிப் பந்தியில நான் உக்காந்துக்கறேன்."