முன் சைக்கிளில் போன மகாலிங்கம் அவர்கள்

காலை பத்தரை மணி இருக்கும். ஓர் ஆசிரியரின் சைக்கிளுக்குப் பின் டயர் மாற்றிக்கொண்டிருந்தேன். கடை போன் அடித்தது. கலேவெலையிலிருந்து ஒரு மரக்கறிக் கடை முதலாளி பேசினார்.

“ஹலோ, யாரு பேசுறது? லிங்கம் உங்கட ஆளா?”

“ஓம், மாத்தளை சைக்கிள் கடை. என்ன விசயம்?”

“அவர்ட போன்ல ஒருத்தர்ட பேரும் இல்ல, நானா. எல்லாம் வெறும் நம்பர். ஒண்ணொண்ணா அடிச்சிக்கிட்டு வாறேன். நீங்க நாலாவது ஆள்.”

அதன் பிறகுதான் செய்தியைச் சொன்னார். விடிந்ததும் லொறியிலிருந்து முட்டைக்கோவா மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்தபடி உட்கார்ந்தாராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டதாம்.

எனக்கு வந்தது கோபம். “ரிவஸ்டன் மேட்டை ஒரே மூச்சுல மிதிச்சி ஏறுற மனுசன் கோவா மூட்டையில சாவாரா? ராங் நம்பர், வைங்க!” என்று கத்திவிட்டுப் போனை வைத்தேன். கையிலிருந்த டயரை எந்தப் பக்கம் மாட்டுவது என்று தெரியவில்லை. கால் மணி நேரம் கழித்து நானே அழைத்து அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். பாவம், நல்ல மனிதர். “இன்னும் ரெண்டு நம்பர் ஈக்கி, அவங்களுக்கும் சொல்லணும்” என்றார்.

மகாலிங்கம் அவர்களை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். போர் நிறுத்தம் இருந்த வருடங்களில், வெளிநாட்டுக்காரர்களை ஐந்து நாட்கள் மலைச் சைக்கிளில் அழைத்துப்போகும் ஒரு சிறிய கம்பனி எங்கள் பக்கத்தில் இயங்கியது. மாத்தளையில் மிதிக்கத் தொடங்கினால் ரத்தோட்டை, ரிவஸ்டன், இலுக்கும்புர, பல்லேகம என்று நக்கிள்ஸ் மலையைக் குறுக்கே கடந்து மறுபக்கம் இறங்கும் பயணம். அதற்கு வழிகாட்டி அவர். முன் சைக்கிள் அவருடையது. நான் மெக்கானிக். சாவிகளும் பம்பும் அடங்கிய பையோடு கடைசிச் சைக்கிள் என்னுடையது. நடுவில் ஆறோ ஏழோ வெள்ளைக்காரர்கள். சோறும் கூடாரமும் வேனில் வரும்.

அந்த மலையில் ஏலக்காய்த் தோட்டங்கள் இருந்த காலத்தில் மூட்டை சுமந்து இறங்கியவர் அவர். வரைபடத்தில் இல்லாத ஒற்றையடிப் பாதையெல்லாம் அவர் காலுக்குத் தெரியும். முதல் பயணத்தன்று காலையில் என்னைப் பார்த்து, “நானா, பின்னால ஆள் விடாம வாங்க. முன்னால நான் பாத்துக்கிறேன்” என்றார். நானா என்றால் எங்கள் ஆட்களின் பேச்சில் அண்ணன். எனக்குச் சுருக்கென்றது. “நான் உங்களுக்கு நானாவா? உங்க நரைச்ச தலைய பாருங்க, நீங்கதான் அண்ணன்” என்றேன். அன்று தொடங்கிய வழக்கு இது. ஆறு வருடங்கள் அவர் என்னை நானா என்றார், நான் அவரை அண்ணன் என்றேன். யார் மூத்தவர் என்று கடைசிவரை இருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. ஐடென்டி கார்டைக் காட்டுங்கள் என்றால் சட்டைப் பையைப் பொத்திக்கொள்வார்.

ரிவஸ்டன் கணவாயில் காற்று ஆளையே தள்ளும். அங்கே எல்லோரையும் இறக்கி நடக்க வைப்பார். “காத்துக்கு ஒரு மரியாத குடுங்க, அது நம்மள விட்டுரும்” என்று அவர் சொல்ல, எனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீசில் நான் மொழிபெயர்ப்பேன். ஒரு ஜெர்மன்காரர் கேட்கவில்லை. மிதித்துப் போனார். காற்று அவரைச் சைக்கிளோடு தூக்கிப் பன்னச் செடிப் புதருக்குள் போட்டது. “சொன்னா கேக்கணும்!” என்று நான் தமிழிலேயே பாய்ந்தேன். லிங்கம் அண்ணன் புதருக்குள் இறங்கி அந்த மனிதரின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். ஜெர்மன்காரர் தன்னையே நினைத்துச் சிரிக்கத் தொடங்கும்வரை அண்ணன் எழுந்திருக்கவில்லை.

ஒரே ஒரு விடயத்தில் அவர் எனக்கு எரிச்சலூட்டுவார். பாதை பிரியும் இடத்தில் ஏதாவது அறிவிப்புப் பலகை இருந்தால், “கண்ணாடி வேன்ல கெடக்கு நானா, நீங்க கொஞ்சம் வாசிங்க” என்பார். ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. “அஞ்சு வருசமா அந்தக் கண்ணாடி வேன்லயே ஈக்கி. ஒரு நாளாவது மூக்குல ஏறினதா?” என்று கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்துவிட்டு வாசித்துக் காட்டினேன்.

இனிச் சொல்லப்போவதுதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

மறுபடி சண்டை தொடங்கியது. பயணிகள் குறைந்தார்கள். பாதையெங்கும் செக் பொயின்ட் முளைத்தது. லிங்கம் அண்ணனிடம் ஒரு பழக்கம் இருந்தது. ரத்தோட்டையில் வாழைப்பழச் சீப்புகள் வாங்கி வேனில் ஏற்றுவார். ஒவ்வொரு செக் பொயின்ட்டிலும் காவலுக்கு நிற்கும் பையன்களுக்கு ஆளுக்கு ஒரு பழம். “வீட்ட விட்டு வந்து இந்தக் குளிருல நிக்கிதுங்க, பாவம்” என்பார். சிங்களத்தில் அவர்களோடு அவர் பேசுகிற அழகில் பையைத் திறந்து பார்க்கவும் மறந்துவிடுவார்கள்.

ஒருமுறை ஒரு சந்தியில் ஆள் மாறும் நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். பாதிப் பேருக்குப் பழம் இல்லை. அண்ணனுக்கு முகம் வாடிவிட்டது. எனக்குத்தான் மூளை வேலை செய்தது. அல்லாஹ்வே, அது வேலை செய்யாமலே இருந்திருக்கலாம். “இனி எழுதி வெப்போம்” என்றேன்.

“எதுக்கு நானா எழுதிக்கிட்டு? எல்லாம் தலையில இருக்கே.”

“தலையில ஈந்தா ஏன் பழம் பத்தல்ல?” என்று அவர் வாயை அடைத்தேன்.

ஒரு பாடசாலைக் கொப்பியில் என் கையால் எழுதினேன். கோபுரத்தடி, ஆறு பேர். பாலம், நாலு பேர். சந்தி, ஒன்பது பேர், பகல் பன்னிரண்டுக்கு ஆள் மாறும், அப்போது பதினெட்டு. இப்படி மலையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம்வரை, தெளிவான தமிழில், கோடு போட்டு எழுதினேன். வாழைப்பழம் என்ற சொல்லை மட்டும் எங்கேயும் எழுதவில்லை. அதுதான் எங்களுக்குத் தெரியுமே என்று விட்டுவிட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

கடைசிப் பயணத்தில் நான்காம் நாள் நல்ல மழை. என் பை நனைந்துவிட்டது. அண்ணனின் பைக்குள் தண்ணீர் இறங்காது, ஒரு பயணி பரிசாகக் கொடுத்துப் போனது. கொப்பியை அதற்குள் வைத்தேன். பல்லேகமவுக்கு இறங்கும் வழியில் ஒரு செக் பொயின்ட். அங்கே இருந்தவர்கள் மாறிப் புதியவர்கள் வந்திருந்தார்கள். அவர்களுக்கு எங்களைத் தெரியாது. பழத்தை வாங்கிக்கொள்ளவில்லை. பைகளைத் திறந்தார்கள்.

தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டார்கள். அவர் சத்தமாக வாசித்தார். ஆறு பேர், நாலு பேர், ஒன்பது பேர், ஆள் மாறும் நேரம். வாசிக்க வாசிக்கச் சிப்பாய்கள் அண்ணனைச் சுற்றி வந்து நின்றார்கள். அதைக் கேட்டபோதுதான் நான் என்ன எழுதி வைத்திருக்கிறேன் என்று எனக்கே விளங்கியது.

“இதை எழுதியது யார்?” என்று அதிகாரி கேட்டார்.

நான் பத்தடி தள்ளி ஒரு சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தேன். கை நின்றுவிட்டது. வாய் திறக்கவில்லை. வீட்டில் மூன்று பெண் பிள்ளைகள், அது இது என்று பிறகு எத்தனையோ காரணங்களை எனக்கு நானே சொல்லியிருக்கிறேன். அந்த நேரம் ஒரு காரணமும் இருக்கவில்லை. பயம் மட்டும்தான் இருந்தது.

லிங்கம் அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை. “மம தமய் சேர்” என்றார். நான்தான் ஐயா என்று அர்த்தம்.

ஜீப்பில் ஏற்றும்போதுதான் என்னைப் பார்த்தார். “நானா, வெள்ளக்காரங்கள பாத்து கூட்டிட்டுப் போங்க. மூணாவது வளைவுல மணல் கெடக்கு, பிரேக் புடிக்க வேணாம்னு சொல்லுங்க.” மூன்றாவது வளைவில் மணல் கிடந்தது. பிரேக் பிடிக்க வேண்டாம் என்று சொன்னேன். அன்று முதல் தடவையாக முன் சைக்கிளில் நான் போனேன்.

ஐந்து மாதங்கள் அவரை வைத்திருந்தார்கள். நான் சும்மா இருக்கவில்லை. கம்பனி முதலாளியை இழுத்துக்கொண்டு அலைந்தேன், வக்கீலைப் பிடித்தேன், பழைய காவல் பையன்களில் இரண்டு பேரைத் தேடிப் பிடித்து, பழம் சாப்பிட்டது உண்மை என்று சொல்ல வைத்தேன். கடைசியில் அதுதான் அவரை வெளியே கொண்டுவந்தது. எழுதியது நான் என்ற ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் எல்லோரிடமும் சொன்னேன்.

அவர் வெளியே வந்த அன்று பார்க்கப் போனேன். பாதி ஆளாகியிருந்தார். என்னைக் கண்டதும், “நானா, என் சைக்கிள் செயினுக்கு எண்ணெ போட்டீங்களா?” என்று கேட்டார். போட்டேன் என்றேன். “அண்ணன், அன்டைக்கி…” என்று தொடங்கினேன். “டீய குடிங்க, ஆறுது” என்றார். அவ்வளவுதான். கம்பனி மூடப்பட்டது. அவர் கலேவெலைக்கு மூட்டை தூக்கப் போனார். லீவில் வரும்போதெல்லாம் கடைக்கு வந்து உட்கார்ந்து அட்டைக்கடியையும் ஜெர்மன்காரரையும் பற்றிப் பேசிச் சிரிப்பார். அவர் எனக்காகப் பொய் சொன்னாரா, என்னை மன்னித்துவிட்டாரா, என்மீது கசப்பு இருந்ததா, எதுவும் எனக்குப் பிடிபடவில்லை. கேட்கவும் தைரியம் வரவில்லை. சண்டையும் முடிந்துவிட்டது, இனிப் பயணங்கள் தொடங்கும், மலையில் வைத்துக் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன்.

மரண வீட்டுக்குப் போனபோது, ரத்தோட்டைக்கு மேலே உள்ள தோட்டத்தில், அவருடைய லயத்து வீட்டு வாசலில் கட்டியிருந்த அஞ்சலிப் பதாகையில் அவரது வயதைப் பார்த்தேன். என்னைவிட இரண்டு வயது இளையவர். அந்த இடத்திலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. வழக்கு முடிந்தது. நான்தான் நானா. மூத்தவன் பத்தடி தள்ளி நின்றிருக்கிறேன், இளையவர் ஜீப்பில் ஏறியிருக்கிறார்.

இறுதிச் சடங்கு முடிந்த மறுநாள் பகல் மறுபடி போனேன். அவருடைய மனைவி புஷ்பம் மதினி மட்டும் வீட்டில் இருந்தார். நான் உட்காராமலே சொன்னேன்.

“மதினி, அந்தக் கொப்பிய எழுதினது நான்.”

“தெரியும் நானா” என்றார். “அவருக்குத்தான் எழுதத் தெரியாதே.”

எனக்கு விளங்கவில்லை. என்ன என்று கேட்டேன்.

“எழுதவும் தெரியாது, வாசிக்கவும் தெரியாது. நம்பர் மட்டும் தெரியும். பேர கையெழுத்து போட நான்தான் கோடு கோடா வரஞ்சி காட்டிக் குடுத்தேன். ஒங்களுக்குத் தெரியாதா?”

தெரியாது. ஆறு வருடங்கள் ஒரே பாதையில் போனவனுக்குத் தெரியாது. வேனில் கிடந்த கண்ணாடி, போனில் இல்லாத பெயர்கள், எல்லாம் ஒவ்வொன்றாக வந்து என் முன்னால் நின்றன. “அப்ப உள்ளுக்கு எழுதிக் காட்டச் சொல்லல்லயா?” என்று கேட்டேன்.

“சொன்னாங்களாம். கண்ணாடி இல்ல, கண்ணு தெரியலன்னு சொல்லியே தள்ளிட்டாராம். எழுதத் தெரியாதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அப்பவே விட்டிருப்பாங்கல்ல? நான் கேட்டேன் நானா. வந்த அன்னிக்கே கேட்டேன். ஏன் சொல்லலன்னு.”

“என்ன சொன்னாரு?”

“‘சொன்னா நானாவுக்குத் தெரிஞ்சிருமே’ன்னாரு.”

“என்ன தெரிஞ்சிரும்?”

“அவருக்கு எழுதத் தெரியாதுங்கிறது. சிரிச்சிக்கிட்டேதான் சொன்னாரு. வெளையாட்டுக்குச் சொன்னாரா, நெசமாவான்னு எனக்கே இன்னும் தெரியல.” அவர் படத்தின் முன்னால் எரிந்த விளக்கின் திரியைத் தூண்டிவிட்டார். பிறகு, “எனக்கு ஒங்க மேல கோவம் இருந்திச்சு. நீங்களா வந்து சொல்றீங்களான்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். இப்ப சொல்லிட்டீங்க. உக்காருங்க, டீ ஊத்துறேன்” என்றார்.

இந்தக் கட்டுரையை எழுதி முடிக்கும்போதும் எனக்குத் தெளிவில்லை. என்னைக் காப்பாற்றினாரா? தன் வெட்கத்தைக் காப்பாற்றினாரா? எழுதத் தெரியாது என்பதை நான் அறிந்துவிடக் கூடாது என்று ஒரு மனிதர் ஐந்து மாதம் உள்ளே கிடப்பாரா? சைக்கிள் திருத்துகிறவன் முன்னால் அவருக்கு என்ன வெட்கம்? ஒருவேளை மூன்றாவது வளைவில் மணல் கிடந்ததால், பயணிகளைப் பத்திரமாக இறக்க ஒருவன் வெளியே இருக்க வேண்டும் என்று மட்டும் கணக்குப் போட்டாரா? எப்படித் திருப்பினாலும் ஒரு பக்கம் கழன்றுகொள்கிறது.

அவருடைய சைக்கிள் என் கடையில்தான் இருக்கிறது. செயினுக்கு எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன். மதினி கேட்டுக்கொண்டபடி, எட்டாம் நாள் அவர் படத்தின் முன்னால் இந்தக் கட்டுரையை நான் வாசிக்கப் போகிறேன். ஒரு சீப்பு வாழைப்பழமும் வாங்கிப் போவேன். கண்ணாடி வேனிலேயே கிடக்கட்டும் அண்ணன், நானே வாசிக்கிறேன். தம்பி என்று கூப்பிட வாய் வரவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள். முன்னால் போய்க்கொண்டிருங்கள், பின்னால் ஆள் விடாமல் வருகிறேன்.

அந்தக் கொப்பியை எழுதியது யார் என்று அன்றைக்குக் கேட்டார்கள். நான்தான்.