பாலிஷ் அண்ணன் வாங்கிய டெலஸ்கோப்

என் வீட்டுக்காரர் டெலஸ்கோப் வாங்கப்போவதாகச் சொன்ன அன்று, நான் இஸ்திரிப் பெட்டியைத் தூக்க மறந்து யாரோ ஒருவரின் வெள்ளைச் சட்டையில் பழுப்பாக ஒரு முக்கோணம் போட்டுவிட்டேன். நான் சலவைக் கடையில் வேலை பார்க்கிறவள். அவர் வீட்டுக்குப் போகிற வழியில் கடைக்குள் எட்டிப் பார்த்து, சோப்பு வாங்கிட்டு வரவா என்று கேட்கிற தோரணையில் சொன்னார்.

"டெலஸ்கோப் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன்."

"எதுக்கு?"

"நிலாவைப் பார்க்கத்தான். குழி குழியா இருக்குமாமே. கீழ்வீட்டுப் பாப்பா பஸ்ல சொல்லிட்டே வந்துச்சு."

"நிலா தினமும் தலைக்கு மேல சும்மாதானே நிக்குது, அதைப் பார்க்க ஒரு மெஷினா!"

வழக்கமாக இதற்கு ஏதாவது நக்கலாகப் பதில் வரும். அன்று வரவில்லை.

அவர் ஸ்கூல் பஸ் டிரைவர். பஸ் நிறுத்துகிற ஷெட்டில் எல்லாரும் அவரைப் 'பாலிஷ் அண்ணன்' என்றுதான் கூப்பிடுவார்கள். கண்ணாடியில் ஒரு விரல் ரேகை இருந்தாலும் வண்டியை எடுக்க மாட்டார். முன் கண்ணாடி, பக்கக் கண்ணாடி, பிள்ளைகள் பிடித்து ஏறுகிற கம்பி எல்லாவற்றுக்கும் காலையில் ஒரு துடைப்பு, சாயங்காலம் ஒரு துடைப்பு. வீட்டுக்கு வந்தால் மிக்ஸி மூடியைக்கூட விட்டுவைக்க மாட்டார். மனிதர்கள்மேல் அவருக்குக் கோபமே வராது, எது தப்பாகப் போனாலும் சாமானில்தான் கோளாறு. நான் டீயில் சர்க்கரை போட மறந்தால், டப்பா மூடி சரியில்லை என்பார். இத்தனை வருடத்தில் அவர் வண்டியில் ஏறிய ஒரு பிள்ளைக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை. அந்தப் பெருமைதான் அவருக்குச் சொத்து. லீவு நாளில் சோபாவில் உட்கார்ந்தாலும் அவருடைய வலது கால் தரையில் பிரேக்கைத் தேடிக்கொண்டிருக்கும். வண்டி ஓட்டாத ஆளாக அவரை என்னால் நினைத்துப் பார்க்கவே முடிந்ததில்லை.

முதலில் போனது பரிசுப் பொருள் விற்கிற பெரிய கடைக்கு. அங்கே ஒரு பெட்டி இருந்தது. மேலே வளையம் போட்ட சனிக்கிரகம், சுற்றிலும் கலர் கலராக மேகம், கீழே இத்தனை நூறு மடங்கு பெரிதாகக் காட்டும் என்று கொட்டை எழுத்தில் பீற்றல். எனக்கு அதுவே பிடித்துவிட்டது. அவர் அதன் முக்காலியை விரலால் லேசாகத் தட்டினார். கையை எடுத்த பிறகும் அது வெடவெடவென்று ஆடிக்கொண்டே இருந்தது.

"இன்ஜின் லாரி, தாங்கற சேஸிஸ் அட்டை. வா போகலாம்," என்று வெளியே வந்துவிட்டார்.

அடுத்தது கேமரா, பைனாகுலர் விற்கிற சின்னக் கடை. கடைக்காரர் தாடி வைத்த ஒல்லி மனிதர், நாம் வாயைத் திறப்பதற்குள் பதில் சொல்கிற ரகம்.

"எத்தனை மடங்குன்னு கேக்காதீங்க சார். வாய் எவ்வளவு அகலம்னு கேளுங்க. எவ்வளவு வெளிச்சம் உள்ள போகுதோ அவ்வளவுதான் தெரியும். அப்புறம் ஸ்டாண்டு, அது ஆடாம நிக்கணும். முதல் தடவை வாங்கறவங்க இந்த ரெண்டையும் பார்த்தாப் போதும்."

குட்டைப் பீப்பாய் போல ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். கீழே கனமான பலகை. கையால் தள்ளினால் அது பாட்டுக்கு வழுக்கிக்கொண்டு திரும்பியது, விட்டால் விட்ட இடத்தில் நின்றது. உள்ளே அடியில் ஒரு கண்ணாடி, பக்கத்தில் கண் வைக்க ஒரு சின்னக் குழல்.

"பார்க்கறீங்களா? அதோ, அந்தத் தண்ணித் தொட்டிக்கு வைக்கறேன்."

"வேணாம். வீட்ல போய்ப் பார்த்துக்கறேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவரா? வாளி வாங்கினால்கூடத் தண்ணீர் ஊற்றி ஒழுகுதா என்று பார்த்துத்தானே வாங்குவார்! என்னங்க ஆச்சு என்று கேட்டேன். வெயில் அடிக்குது என்றார்.

பெட்டியைக் கட்டும்போது கடைக்காரர் பாடம் நடத்தினார். "பார்த்து முடிச்சதும் மூடி போட்டுடுங்க. ஈரம் படாத இடமா வைங்க. வெளிய எடுத்துட்டுப் போனா கொஞ்ச நேரம் சும்மா விடுங்க, வெளிக்காத்துக்கு அது பழகணும். சூரியன் பக்கம் மட்டும் மறந்துகூடத் திருப்பிடாதீங்க. அப்புறம் முக்கியமா, உள்ள இருக்கற கண்ணாடியைத் துடைக்கவே துடைக்காதீங்க. தூசி இருந்தா இருந்துட்டுப் போகட்டும். பூச்சு மேலாப்பலயே இருக்கு, துணி பட்டா கீறிடும். கை வைக்காம இருக்கறதுதான் சார் இதுக்குப் பராமரிப்பு."

பாலிஷ் அண்ணனிடம் போய்த் துடைக்காதே என்றால்! நான் கடையிலேயே சிரித்துவிட்டேன்.

மறுநாள் பொழுது சாய்கிற நேரத்தில் மொட்டைமாடிக்குக் கொண்டுபோனோம். பாதி நிலா மேலே ஏறியிருந்தது. சொன்னபடி கொஞ்ச நேரம் சும்மா விட்டு, அவர்தான் முதலில் குனிந்தார். வெகுநேரம் அசையவே இல்லை. நிமிர்ந்ததும் சொன்னார்: "நடுவுல அழுக்கு இருக்கு."

எங்கள் மகள் அவரைத் தள்ளிவிட்டுக் கண்ணை வைத்தாள். "அப்பா! என்னப்பா அழுக்கு? ஐயோ, அம்மா, ஓடி வா!"

நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் போனேன். குனிந்ததும் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அது நிலாவா? சிமெண்ட் பூசிக் காய்வதற்குள் யாரோ கல்லை விட்டெறிந்த தரை மாதிரி இருந்தது. ஒவ்வொரு குழிக்கும் ஓரம், ஒவ்வொரு ஓரத்துக்கும் நிழல். அம்மாடி, இத்தனை வருடம் இதைத் தலைக்கு மேலே வைத்துக்கொண்டா நான் துணி காயப்போட்டேன்!

"அழுக்கே இல்லப்பா, பளிச்சுனு இருக்கு," என்றாள் மகள்.

"இருக்கு. நீங்க சரியாப் பார்க்கல."

அதிலிருந்து ஆரம்பித்தது. டெலஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனார். கடைக்காரர் கண்ணாடிகளை நேர்ப்படுத்திக் கொடுத்தார். அழுக்கு போகவில்லை என்று மறுபடி போனார். கடைக்காரர் கண் வைக்கிற குழலை மாற்றிக் கொடுத்தார். அதுவும் சரிப்படவில்லை. ஆனால் டெலஸ்கோப்பை அவர் வெறுக்கவும் இல்லை. மூடி போட்டு, அதன்மேல் தலையணை உறை போட்டு, ஈரம் படாத மூலையாகப் பார்த்து வைத்து, சாயங்காலம் ஆனால் திரும்ப மேலே தூக்கிக்கொண்டு போவார். இறங்கி வரும்போது முகம் செத்துப்போயிருக்கும்.

ஒரு லீவு நாள் காலையில் கூடத்துக்கு வந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். தரையில் செய்தித்தாள் விரித்திருந்தது. டெலஸ்கோப் தனித்தனியாகக் கழன்று கிடந்தது. கண்ணாடியை மடியில் வைத்துக்கொண்டு, சலவைக் கடையிலிருந்து நான் கொண்டுவந்த மெத்தென்ற துணியால் அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஐயையோ, என்னங்க இது! தொடவே கூடாதுன்னாரே அந்த ஆளு!"

"அழுக்கு போகணும்ல?"

குரல் அவருடையதாக இல்லை. பளபளவென்று இருந்த கண்ணாடியில் முடி ஒட்டினாற்போல் மெல்லிய கீறல்கள் ஓடின. எல்லாவற்றையும் பூட்டி, டெலஸ்கோப்பை ஜன்னல் பக்கம் திருப்பித் தெருவைப் பார்த்தார். "போகல," என்றார்.

எனக்கு வந்ததே கோபம்! அவர்மேல் இல்லை, அந்தத் தாடிக்காரன்மேல். கெட்டுப்போன சாமானை நல்ல மனுஷன் தலையில் கட்டிவிட்டு, தொடாதே துடைக்காதே என்று வியாக்கியானம் வேறு! "கிளம்புங்க, இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பார்த்துடறேன்," என்றேன். "விடு, போகட்டும்," என்றார். விடுகிற ஆளா நான்? இழுத்துக்கொண்டு போனேன்.

கடையில் நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். தாடிக்காரர் கண்ணாடியைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். "என்ன சார் பண்ணி வச்சிருக்கீங்க! சரி, இந்தக் கீறலுக்கெல்லாம் பெருசா ஒண்ணும் ஆகிடாது. வாங்க, உங்க எதிர்லயே பார்த்துடுவோம்."

வாசலில் வைத்துத் தண்ணீர்த் தொட்டிக்குத் திருப்பினார். முதலில் கடைக்காரர் பார்த்தார், பிறகு நான். எல்லாம் தலைகீழாகத்தான் தெரியும் என்று முன்பே சொல்லியிருந்தார். தொட்டியின் இரும்பு ஏணி, ஏணியில் துரு, துருப்பிடித்த படியில் வவ்வால் மாதிரித் தொங்கிக்கொண்டு ஒரு காகம். இறகு இறகாகத் தெரிந்தது. என் சத்தமெல்லாம் அடங்கிவிட்டது.

இவர் குனிந்தார். "ஏணி வளைஞ்சு போகுது. நடுவுல ஒண்ணுமே காணோம்."

"காக்கா?"

"காக்காவா? காக்கா ஏது?"

பறந்துபோயிருக்கும் என்று நான் பார்த்தேன். அது அங்கேயே உட்கார்ந்து சாவகாசமாகச் சிறகைக் கோதிக்கொண்டிருந்தது. கடைக்காரர் என்னைப் பார்த்தார். பிறகு, அதுவரை கேட்காத ஒரு மெல்லிய குரலில் சொன்னார்: "சார், இடது கண்ணால பாருங்களேன்."

இவர் டெலஸ்கோப்பை விட்டு ஓரடி தள்ளி நின்றார். நான்தான் என் உள்ளங்கையால் அவருடைய வலது கண்ணைப் பொத்தித் தலையைக் குனியவைத்தேன்.

"ஏணி நேரா இருக்கு," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "காக்கா இருக்கு."

என் கை அவர் கண்மேலேயே இருந்தது. எடுக்கப் பயமாக இருந்தது. கடைக்காரர் மூடியைப் போட்டுப் பெட்டியைக் கட்டினார்.

அங்கிருந்து நேராகக் கண் ஆஸ்பத்திரி. டாக்டரம்மா சொட்டு மருந்து விட்டு, விளக்கடித்து, படம் எடுத்துப் பார்த்தார். "வலது கண்ணுக்குள்ள, படம் விழற திரையில, நட்ட நடுவுல ஓட்டை விழுந்திருக்கு. ரெண்டு கண்ணும் திறந்திருந்தா நல்ல கண்ணு அதை மறைச்சுடும். நிறைய பேருக்குத் தெரியறதே இல்ல. ஆபரேஷன் பண்ணலாம். கொஞ்சம் பார்வை திரும்பலாம், முழுசா வரும்னு நான் சொல்ல மாட்டேன். என்ன வேலை பார்க்கறீங்க?"

"ஸ்கூல் பஸ் ஓட்டறார்," என்றேன் நான்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "வேணாம். நாளைக்குக்கூட வேணாம்."

நான் பயந்தது கண் போனதற்கா, வேலை போவதற்கா, இத்தனை நாள் அந்த வண்டியில் ஏறிப்போன பிள்ளைகளை நினைத்தா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. கீழ்வீட்டுப் பாப்பாவுக்கு எப்போதும் முன் சீட்தான்.

வீட்டுக்கு வந்ததும் நான் டீ போட்டுக் கொடுத்தேன். குடித்து முடித்து, டம்ளரைக் கழுவி, துடைத்து வைத்தார்.

"நாளைக்கு வரலைன்னு ஷெட்டுக்குச் சொல்லிடுங்க," என்றேன்.

"எதுக்கு? பரீட்சை முடியட்டும். லீவு விட்டதும் நானே சொல்லிடறேன்."

ஆஸ்பத்திரியில்கூட நான் அப்படி அதிரவில்லை. "டாக்டரம்மா சொன்னது காதுல விழலையா உங்களுக்கு?"

"ஒரு கண்ணு நல்லாத்தானே இருக்கு? இத்தனை நாள் அதை வச்சுத்தானே ஓட்டினேன். ஒரு கீறல் விழுந்துச்சா?"

"இத்தனை நாள் உங்களுக்குத் தெரியாது. இப்பதான் தெரிஞ்சுடுச்சே!"

அவர் மூலையில் இருந்த பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். "தெரியாதுன்னு யார் சொன்னா?"

நான் அவர் எதிரே போய் உட்கார்ந்தேன்.

"மழைக்காலத்துலயே தெரியும். ஓட்டிட்டு இருக்கறப்ப இடது கண்ணுல தூசி விழுந்துச்சு. கசக்கினேன். முன்னாடி போயிட்டிருந்த லாரியைக் காணோம். கையை எடுத்தா இருக்கு, மூடினா இல்ல. ஓரங்கட்டிட்டேன். பிள்ளைங்க பாட்டுக்குப் பின்னாடி பாடிட்டு இருந்துச்சுங்க."

"அன்னைக்கே சொல்றதுக்கென்ன?"

"டாக்டர்கிட்ட போனா சாவியைப் பிடுங்கிடுவாங்க. டெலஸ்கோப்னா ஒத்தைக் கண்ணால பார்க்கறது. எங்கேயோ இருக்கற நிலாவையே பெருசாக் காட்டுதுங்கறாங்க. அதுல தெரிஞ்சுட்டா என் கண்ணு நல்லா இருக்குன்னுதானே அர்த்தம்? கடையில வச்சுப் பார்க்கத் தைரியம் இல்ல. வீட்ல பார்த்தேன், தெரியல. சரி, இதுலதான் கோளாறு, நேராக்கினா தெரியும், துடைச்சாத் தெரியும்னு..."

கல்யாணமான நாளிலிருந்து அவரை 'நீங்க' என்று தவிரக் கூப்பிட்டதில்லை. "தெரிஞ்சேவா அந்தப் பிள்ளைங்களை ஏத்திட்டுப் போன? நீ மனுஷனா?" என்று கத்தினேன். கத்திவிட்டு அழுதேன். அவர்மேல் அப்படியொரு ஆத்திரம். அதே நேரம், தினமும் மாடியேறிப் போய் அந்தக் குழலில் கண்ணை வைத்து வைத்துப் பார்த்துவிட்டு இறங்கி வந்த மனுஷரை நினைத்தால் நெஞ்சு வெடித்தது. "நீ சொல்லலைன்னா நான் போய்ச் சொல்லுவேன்," என்றேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

காலையில் வழக்கமான நேரத்துக்கு எழுந்தார். குளித்து, யூனிபார்ம் போட்டு, தலை வாரி, ஆணியில் மாட்டியிருந்த பஸ் சாவியை எடுத்தார். நான் வாசற்கதவை மறித்துக்கொண்டு நின்றேன். கீழே பாப்பா புத்தகப் பையை மாட்டிக்கொண்டு, "டிரைவர் மாமா, நான் ரெடி!" என்று கத்துவது கேட்டது.

"சாவியைக் குடுக்கத்தான் போறேன்," என்றார்.

நான் நகரவில்லை.

"நிஜமாத்தான் சொல்றேன். நீயும் கூட வா."

"சாவி குடுக்க நான் எதுக்கு?"

"தனியாப் போனா ஏறி உட்கார்ந்து ஓட்டிடுவேன்."

சலவைக் கடைக்கு லீவு சொல்லக்கூடத் தோன்றவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு அவரோடு படியிறங்கினேன்.