வாய்வுக் குளிசை தந்தவர்

துறைமுகத்தடிப் பாமசியில் மருந்து கொடுப்பவரை நாங்கள் எல்லாரும் "டொக்டர்" என்றுதான் கூப்பிடுவோம். அவர் டொக்டர் இல்லை என்பதும் எல்லாருக்கும் தெரியும். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, மூக்கு நுனியில் கண்ணாடி. வருத்தத்தைச் சொல்லி முடிக்கும் முன்பே கத்தரிக்கோலை எடுத்துக் குளிசை அட்டையை வெட்டத் தொடங்கிவிடுவார்.

"நடந்தா நெஞ்சு இறுகுது, இடக்கையும் உளையுது. ஆஸ்பத்திரிக்குப் போகோணுமோ?" என்று கேட்டேன்.

"வாய்வுதான் தம்பி. அங்க போய் ஏன் வரிசையில நிக்கிறீங்கள்?" வெட்டித் தந்தார்.

இரண்டு மாதம் அந்தக் குளிசையை நம்பினேன். பிறகு வள்ளம் கட்டுற ஜெட்டியில் மீன்பெட்டி தூக்கும்போது விழுந்தேன். மாரடைப்பு.

உயிர் தப்பி, முதல் தடவையாக இருதயக் கிளினிக்குக்குப் போனால், வாங்கில் பாமசிக்காரர் உட்கார்ந்திருக்கிறார். மடியில் மூலை கிழிந்த பழைய கிளினிக் கொப்பி.

"நீங்களுமா? எப்ப தொடக்கம்?"

"ஆறு வருஷம். கை உளைஞ்ச அண்டைக்கே ஓடி வந்திட்டன்."

"அப்ப எனக்கேன் சொல்லேல்ல?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு நகர்ந்து, பக்கத்தில் இடம் விட்டார்.

"இருங்கோ தம்பி. நிக்கிறது நெஞ்சுக்குக் கூடாது."

என் நம்பரைக் கூப்பிடும்வரை நான் நின்றுகொண்டே இருந்தேன்.