பூந்தமல்லிக்குத் தனியாகப் போன கரும்பொருள்

ஆவடியிலிருந்து வேலப்பன்சாவடிக்குப் பேருந்தில் போகப்போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். தொண்ணூறுகளின் நடுவில், ஒரு ஜூன் மாதக் காலையில், அங்கிருந்த கல்லூரி ஒன்றில் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்வதற்கான நேர்காணலுக்கு நான் அப்படித்தான் போனேன். இருந்ததே ஒரே ஒரு இடம். அது எனக்குத்தான் என்று வீட்டில் அடித்துச் சொல்லிவிட்டேன். அப்பாவுக்குப் பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை. அவர் அதைக் குவார்ட்டர்ஸ் முழுக்கப் பரப்பிவிட்டார்.

பேச வேண்டிய விஷயம் கரும்பொருள். அண்டத்தில் கண்ணுக்குத் தெரியாமல், ஈர்ப்பால் மட்டும் தன்னைக் காட்டிக்கொள்ளும் பொருள். நம்மோடு ஒட்டும் உறவும் இல்லாத தனி உலகமாக அது ஒளிந்திருந்தால், இன்றிருக்கும் அளவுக்கு எப்படிச் சேர்ந்தது? அதற்கான படங்களைப் பிளாஸ்டிக் தாள்களில் வரைந்து ஒரு துணிப்பையில் வைத்திருந்தேன்.

எட்டு மணிக்குப் பூந்தமல்லி பேருந்து வந்தது. எல்லோரையும் போல ஜன்னல் வழியாகப் பையைப் போட்டு சீட் பிடித்தேன். படியிலோ நெரிசல். பத்துப் பேர் முட்டினால் இரண்டு பேர்தான் ஏற முடிந்தது. நான் கம்பியைப் பிடிப்பதற்குள் நடத்துநர் விசில் ஊத, வண்டி கிளம்பிவிட்டது.

பக்கத்தில் பூ விற்றுக்கொண்டிருந்த பெண்ணுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “இன்னாக்கா, பை குந்திகினு போவுது, நீ நின்னுகினு கீறே?”

எனக்கு அழுகை வந்தது. அதைவிட என் மீதே கோபம் வந்தது. இருபது நிமிடம் கழித்து அடுத்த வண்டி. டிக்கெட் இரண்டு ரூபாய். கரையான்சாவடி வரை ஒன்பது கிலோமீட்டர் படியில் தொங்கினேன். அங்கே வண்டி மாறினால் இன்னும் நான்கு கிலோமீட்டர். வழியெல்லாம் ஒவ்வொரு நிறுத்தத்திலும் யார் ஏறுகிறார்கள், யார் விடுபடுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே போனேன்.

“படம் எதுவும் கொண்டுவரலையா?” என்றார் நேர்காணலுக்கு வெளியூரிலிருந்து வந்திருந்த பேராசிரியர்.

“பஸ் கொண்டுபோயிடுச்சு சார்.”

அவர் சிரிக்கவில்லை. “நம்மோட தொடர்பே இல்லாத உலகத்துல துகள் எங்கிருந்து வந்தது?”

“கொஞ்சம் தொடர்பு இருக்கு சார், ஆவடி பஸ்ஸோட படி மாதிரி. ஸ்டாண்டு நம்ம உலகம், பஸ் அந்த ஒளிஞ்ச உலகம். ஸ்டாண்டுல ஏகப்பட்ட கூட்டம், பஸ் காலி. குறுகலான படி, அதனால ஒண்ணு ரெண்டு பேராத்தான் ஏற முடியும். அண்டம் விரிஞ்சு குளிர்ந்ததும் வண்டி கிளம்பிடும். அதுக்குள்ள ஏறினவங்கதான் இன்னைக்கு இருக்கிற கணக்கு.”

“படியை அகலமாக்கினா?”

இதுதான் என்னை மடக்க வைத்த பொறி. வழக்கமான கணக்கில் தொடர்பு கூடினால் துகள்கள் மோதி அழிவதும் கூடும், மிஞ்சுவது குறையும். “இங்க மிஞ்சுறது கூடும் சார். ரொம்ப அகலமாக்கினா ஏறுறதும் இறங்குறதும் சமமாயிடும். அப்புறம் வழக்கமான கணக்குதான்.”

அவர் பேனாவை மூடி வைத்தார். மதியமே இடம் எனக்கென்று சொல்லிவிட்டார்கள். மகிழ்ச்சியில் சாப்பிடவும் தோன்றாமல் பையைத் தேடிப் பூந்தமல்லி நிலையத்துக்குப் போனேன்.

காலை வண்டியின் நடத்துநர் அங்கேதான் இருந்தார். “உன் பையாம்மா இது? கடைசி வரைக்கும் சீட்டுல தனியா குந்திகினு வந்துச்சு. வண்டில மூச்சு வுட எடம் இல்ல. யாரோ வராங்கன்னு ஒருத்தரும் அத்த தொடல, எல்லாம் சுத்தி நின்னுகினே வந்தாங்க.”

பையை வாங்கிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். பத்து கிலோமீட்டர் தூரம், கண்ணில் படாத ஒருத்திக்காக ஒரு வண்டிக் கூட்டமே வளைந்து நெளிந்து நின்றிருக்கிறது. கரும்பொருள் என்றால் என்ன என்று நான் வரைந்த படங்களில் ஒன்றுகூட இதை இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை.

நீங்கள் போகும்போது சில்லறை வைத்துக்கொள்ளுங்கள், கரையான்சாவடியிலேயே இறங்கிவிடுங்கள். சீட் பிடிக்க ஒரு கைக்குட்டை போதும். நீங்கள் ஏறாமல் விட்டாலும், அந்த இடத்தில் யாரும் உட்கார மாட்டார்கள்.