ராஜா வருகிறார் என்று பாடிய காலை

மலாயாவில் ஜப்பான்காரர்கள் கெடாவைப் பிடித்து இரண்டாவது வருஷம் அது. பாடாங் செராய்க்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் நாங்கள் இருந்தோம். அப்பா தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரஸ்ஸர். எனக்குப் பதினெட்டு வயது. அந்த வருஷத்துக் குருத்தோலை ஞாயிறு காலையில் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தால் இப்போதும் எனக்கு மூச்சு வேகமாகிவிடும்.

எங்கள் தோட்டத்தில் கிறிஸ்தவக் குடும்பங்கள் கொஞ்சம்தான். தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகளுக்குப் பின்னால் பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக ஒரு ஜெபவீடு இருந்தது. மாதம் ஒரு தடவை டவுனிலிருந்து வந்துகொண்டிருந்த போதகர், சண்டை தொடங்கியதும் வராமல் போய்விட்டார். போதகருக்கு உதவியாக இருந்த உபதேசியார் ஐயா ஒருவரே எல்லாவற்றையும் பார்க்க வேண்டியதாயிற்று. அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்று, ஆண்டவர் ஆளுக்கு ஒரு வரம் கொடுத்திருக்கிறார், அதை வீட்டில் பூட்டி வைக்காமல் சபைக்குக் கொண்டுவாருங்கள் என்று சொன்னார். சொன்னதோடு விடவில்லை, வேலையையும் பிரித்துக் கொடுத்துவிட்டார். கணீரென்ற குரல் உள்ள, ரப்பர் மரத்தில் பால் எடுக்கும் பால்வெட்டுக்கார அண்ணன் பாட்டுக்கு. அப்பா காய்ச்சல்காரர்களைப் பார்க்க. உபதேசியாரின் மனைவியை நாங்கள் எல்லாரும் அம்மா என்றுதான் கூப்பிடுவோம். மரவள்ளிக்கிழங்கைச் சண்டை சச்சரவு இல்லாமல் பங்கு போட அவர்களைப் போல் யாராலும் முடியாது.

எனக்கு மட்டும் எந்த வேலையும் வரவில்லை. பாட வராது, சமைத்தால் அடி பிடிக்கும். எனக்கு நன்றாக வந்தது ஒன்றே ஒன்று, ஜப்பான் மொழி. டவுனில் நான் படித்த இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தை ஜப்பான்காரர்கள் எடுத்துக்கொண்டு அவர்கள் பாஷையைச் சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு ஜப்பானிய டீச்சரம்மா இருந்தார். அவர் பேசுவதைக் கேட்டால் அப்படியே எனக்கு ஒட்டிக்கொள்ளும். பிறகு வயசுப் பெண்களைப் பட்டாள ஆபீஸ் வேலைக்குக் கேட்கிறார்கள் என்று பேச்சு வந்ததும் அப்பா என்னை நிறுத்திவிட்டார். முடியை ஒட்ட வெட்டி, ஆண்பிள்ளைபோல் தம்பியின் சட்டையும் அரைக்கால் சட்டையும் மாட்டிவிட்டார். அந்தப் பாஷை எனக்குத் தெரியும் என்பதே வெளியில் தெரியக் கூடாது என்று கண்டிப்பு. சபையிலும் சிலர் என்னிடம் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. அந்தப் பாஷையில் அதட்டல் கேட்டுத்தான் பல வீடுகளில் ஆண்கள் சயாம் ரயில் பாதையில் கட்டாய வேலைக்கு லாரி ஏறியிருந்தார்கள்.

அன்று காலை வழக்கம்போல எல்லாரும் தென்னங்குருத்தைக் கையில் பிடித்து, லயத்தைச் சுற்றித் தோட்டத்து மண் ரோட்டு வழியாக ஜெபவீட்டுக்கு ஊர்வலமாக நடந்தோம். பால்வெட்டுக்கார அண்ணன், "ராஜா வருகிறார்" என்று எடுத்துக் கொடுக்க, நாங்கள் எல்லாரும் ஓசன்னா என்று பின்பாட்டுப் பாடினோம். வயிற்றில் கிழங்குக் கஞ்சிதான். ஆனாலும் அன்றைக்கு எங்கிருந்தோ ஒரு தெம்பு வந்து, குரல்கள் ரப்பர் மரங்களைத் தாண்டிப் போயின.

அப்போதுதான் திருப்பத்தில் பட்டாள லாரி வந்தது.

பெண்கள் எல்லாரும் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ரப்பர் மரங்களுக்குள் ஓடினோம். உபதேசியாரின் மனைவி, அந்த அம்மா, என் கையை இறுகப் பிடித்திருந்தார்கள். மரத்தின் பின்னாலிருந்து பார்த்தால் ரோடு நன்றாகத் தெரிந்தது, பேசுவதும் கேட்டது. ஒரு அதிகாரியும் சில சிப்பாய்களும் இறங்கினார்கள். கூடவே மொழிபெயர்ப்பாளர் ஒருவர். அவருக்கு மலாயும் ஜப்பான் மொழியும் தெரியும், தமிழ் தெரியாது. ஆனால் ராஜா என்றால் மலாயிலும் ராஜாதான். அந்த ஒரு சொல்லைக் காதில் வாங்கிக்கொண்டு, அது எந்த ராஜா என்று உபதேசியாரை மலாயில் கேட்டார்.

உபதேசியார் ஐயாவுக்குச் சந்தையில் மீன் வாங்கும் அளவுக்குத்தான் மலாய் வரும். அவர் மேலே கையைக் காட்டி, "ராஜா டாரி லாங்கிட்" என்றார். வானத்திலிருந்து வரும் ராஜா என்று அவர் சொன்னது ஒரு அர்த்தத்தில். மொழிபெயர்ப்பாளர் அதிகாரியிடம் சொன்னது வேறு அர்த்தத்தில். "இகிரிசு" என்ற சொல்லும், விமானம் என்ற சொல்லும் என் காதில் விழுந்தன. இகிரிசு என்றால் இங்கிலாந்து. இங்கிலாந்து ராஜா விமானத்தில் திரும்பி வருகிறார் என்று இவர்கள் கொண்டாடுகிறார்கள் என்று அந்த மனிதர் சொல்லிக்கொண்டிருந்தார்!

அதிகாரி நிமிர்ந்து வானத்தைப் பார்த்தார். பிறகு ஆண்களை எல்லாம் லாரியில் ஏற்றச் சொன்னார். வரிசையில் அப்பா நின்றார், பால்வெட்டுக்கார அண்ணன் நின்றார். உபதேசியாரை மட்டும் மண்ணில் முட்டி போட வைத்தார்கள்.

"அம்மா, அந்த ஆளு தப்பாச் சொல்றாரு," என்றேன்.

"நெசமாவா சொல்ற?"

"எனக்கு நல்லாப் புரியுது. நான் போய்ச் சொல்லணும்."

அம்மா என் முகத்தையே பார்த்தார்கள். போகாதே என்று சொல்லப் போகிறார்கள் என்று நினைத்தேன். "அப்பன்னா வா. நானும் கூடவே வரேன், தனியா போகாத," என்று சொல்லிவிட்டு, எனக்கு முன்னால் மரத்தை விட்டு வெளியே வந்தார்கள்.

ரோட்டுக்கு வந்ததும் பள்ளிக்கூடத்தில் பழக்கியபடி இடுப்பு வரை குனிந்து வணங்கினேன். எனக்குத் தெரிந்த மிக மரியாதையான ஜப்பான் மொழியில், ஐயா, ஒரு வார்த்தை தவறாக வந்துவிட்டது, நான் சொல்லலாமா என்று கேட்டேன். சிப்பாய்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்பாவின் முகம் போன போக்கை என்னால் சொல்ல முடியாது.

அதிகாரி பேசு என்பதுபோல் தலையை அசைத்தார். அப்புறம்தான் எனக்கு உண்மையான கஷ்டம் தொடங்கியது. என்னிடம் இருந்தது பாடப் புத்தகத்துச் சொற்கள். இரட்சகர், தீர்க்கதரிசி, எருசலேம் இதெல்லாம் டீச்சரம்மா எங்கே சொல்லிக் கொடுத்தார்? இந்த ராஜா மிக மிகப் பழைய காலத்து ராஜா, இங்கிலாந்துக்காரர் இல்லை, ஆசியாவில் பிறந்தவர் என்றேன். ஒருநாள் அவர் ஊருக்குள் வந்தபோது ஏழைகள் இலைகளை ஆட்டிப் பாடினார்கள், அதை நினைத்து நாங்கள் வருஷா வருஷம் பாடுகிறோம் என்றேன். எதில் ஏறி வந்தார் என்று அதிகாரி கேட்டார். கழுதைக்கு ஜப்பான் மொழியில் என்ன என்று எனக்குத் தெரியாது. "சின்னக் குதிரை, காது நீளம்," என்று சொல்லிக் கையை என் காதுகளுக்கு மேலே வைத்துக் காட்டினேன். ஒரு சிப்பாய் சிரித்துவிட்டான்.

அதிகாரி சிரிக்கவில்லை. உங்கள் ராஜா பெரியவரா, எங்கள் சக்கரவர்த்தி பெரியவரா என்று கேட்டார்.

ஒரு சொல் பிசகினால் எல்லாரும் லாரியில்தான். முட்டி போட்டிருந்த உபதேசியாரிடம் கேள்வியைத் தமிழில் சொன்னேன்.

"எங்க ராஜாவுக்குப் பட்டாளம் கெடயாது, அவரு யாரு நாற்காலியையும் கேட்டு வரலேன்னு சொல்லும்மா. உள்ளதைச் சொல்லு, பயப்படாத," என்றார்.

அதை அப்படியே சொன்னேன். சிம்மாசனத்துக்கு ஜப்பான் மொழியில் எனக்குச் சொல் தெரியாது, ஐயா நாற்காலி என்று சொன்னது எவ்வளவு வசதியாகப் போயிற்று தெரியுமா! அதிகாரி எங்களை மாறி மாறிப் பார்த்தார். பிறகு, நீங்கள் செய்ததைத் திரும்பச் செய்யுங்கள், நான் பார்க்கிறேன் என்றார்.

அப்படி ஒரு ஊர்வலத்தை யாரும் பார்த்திருக்க முடியாது. லாரிப் பக்கம் நின்றவர்கள் கீழே கிடந்த குருத்தைப் பொறுக்கி எடுத்தார்கள். மரங்களுக்குள் இருந்து ஒவ்வொருவராகப் பெண்களும் வந்து சேர்ந்தார்கள். அவர்களை யாரும் கூப்பிடவில்லை. பாட்டு முதலில் முனகலாகத்தான் வந்தது. அம்மா பால்வெட்டுக்கார அண்ணனைப் பார்த்து, "உன் வேலையைச் செய் தம்பி," என்றார்கள். அவர் ஒரு மூச்சு இழுத்துக் குரலைத் தூக்கினார் பாருங்கள், எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நான் அதிகாரியின் பக்கத்தில் நடந்துகொண்டே ஒவ்வொரு வரியையும் ஜப்பான் மொழியில் சொல்லிக்கொண்டு வந்தேன். பயம் எங்கே போனது என்றே தெரியவில்லை. வாய் தானாகப் பேசியது. அவர்கள் பாட, நான் சொல்ல, ஜெபவீட்டு வாசல் வரை போய்ச் சேர்ந்தோம்.

அங்கே நின்றதும் அதிகாரி என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். தண்டனை என்று நினைத்தேன். அவர் சொன்னது இதுதான்: உன் பேச்சு பெண்கள் பேசுகிற பேச்சு, ஆண்பிள்ளை அப்படிச் சொல்லக் கூடாது, இப்படிச் சொல்ல வேண்டும். டீச்சரம்மாவிடம் கேட்டுப் பழகியதால் வந்த வினை. அவர் சொன்னபடி கட்டைக் குரலில் திருப்பிச் சொன்னேன். சரி என்று தலையாட்டினார். இனி ரோட்டில் பாடக் கூடாது, உள்ளே பாடிக்கொள்ளுங்கள் என்று உத்தரவு போட்டுவிட்டு லாரியில் ஏறிப் போய்விட்டார்.

லாரிச் சத்தம் மறைந்தது. பிறகு அப்பா என்னைக் கட்டிக்கொண்டு அழுதார், திட்டினார், மறுபடி அழுதார். என்னிடம் பேச்சைக் குறைத்திருந்த அக்கா ஒருவர் வந்து என் வெட்டிய தலையைத் தடவி, "ஒன்னோட வரம் என்னான்னு இப்பத்தான்லா தெரிஞ்சிச்சு," என்றார். எல்லாரும் அழுதுகொண்டே சிரித்தோம். அன்றைய ஆராதனையில் உபதேசியார் பிரசங்கமே செய்யவில்லை. பாடினோம், பாடினோம், தொண்டை கட்டும் வரை பாடினோம்.

அந்தப் பட்டாளம் என்னைத் தேடி வரலாம் என்று பயந்து, அப்பா மறுநாளே என்னைக் கோலா கெத்திலில் சித்தப்பா வீட்டுக்கு அனுப்பிவிட்டார். சண்டை முடியும் வரை நான் எங்கள் சபையைப் பார்க்கவில்லை. பிந்திய மாதங்களில் வேறு லாரிகள் வந்து சிலரைச் சயாமுக்குக் கொண்டுபோயின. பால்வெட்டுக்கார அண்ணன் திரும்பி வரவேயில்லை. அந்த ஒரு காலையில் மட்டும் எங்களில் ஒருவரையும் அவர்களால் கொண்டுபோக முடியவில்லை.

இப்போது எங்கள் சபையில் யாராவது, எனக்கு ஒன்றும் தெரியாது, என்னால் என்ன பிரயோஜனம் என்று பின்வரிசையில் ஒதுங்கி உட்கார்ந்தால் நான் எழுந்துபோய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். வெளியில் சொல்ல வெட்கப்பட்டு அவர் மூடி வைத்திருப்பதுதான் என்றைக்கோ ஒருநாள் எங்கள் எல்லாருக்கும் தேவைப்படப் போகிறது என்பது எனக்கு நிச்சயமாகத் தெரியும்.