சாமிக்காட்டின் எல்லைக்கல்

காலை ஆறு மணிக்குக் கள்ளக்குறிச்சியில் வெள்ளிமலை பஸ் ஏறினேன். கச்சிராயபாளையம் தாண்டி வளைவுகள் ஆரம்பித்ததும் முன்சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டேன். வருகிறேன் என்று ஒப்புக்கொண்ட என் வாயைத்தான் திட்டிக்கொண்டேன். சந்தையில் தேன் விற்கும் சடைச்சி அக்கா, "வெள்ளிக்கெழம எங்க சாமிக்காட்டு எல்லைய நகத்தப்போறோம், வந்து பாருங்க" என்று கூப்பிட்டிருந்தார்.

வெள்ளிமலையில் பத்து ரூபாய்க்கு டீ குடித்துவிட்டு மூன்று கிலோமீட்டர் நடந்தேன். வழியெல்லாம் மரவள்ளி. கடைசியில் அறுவடை முடிந்த அக்காவின் நிலத்தைக் குறுக்கே கடந்தேன். அதன் ஒருபக்கம் திட்டாகச் சாமிக்காடு, மறுபக்கம் பெரிய மலைக்காடு. சாமிக்காட்டு எல்லைக்கல்லுக்குள் ஒரு சுள்ளிகூட ஒடிக்க மாட்டார்கள். அவ்வளவு கட்டுப்பாடு. ஆனால் கல்லை ஒட்டி வெளியே இருந்ததையெல்லாம் வெட்டி உழுதுவிட்டார்கள். சாமி சொத்தைத் தொடவில்லையே என்ற நிம்மதி.

அக்காவும் நானும் செருப்பைக் கழற்றிவிட்டுச் சாமிக்காட்டுக்குள் போனோம். உச்சிக் கிளையில் பூனை அளவில் ஒரு மலையணில்.

"முன்ன ஜாஸ்தி இருந்துச்சுங்க. இத்துனூண்டு காட்டுல தீனி பத்தல. இது ஒண்ணுதான் மிச்சம்" என்றார் அக்கா.

"பெரிய காட்டுக்குப் போகக்கூடாதா?"

"கெளைக்குக் கெளை தாவுற சீவன். தரையில எறங்குனா நாய் வுடுமா?"

பத்து மணிக்கு ஊர் கூடியது. கல்லை அக்கா நிலத்தின் மறுகோடிக்கு, பெரிய காட்டை ஒட்டி நகர்த்திவிட்டால் நிலமும் சாமிக்காடாகிவிடும், அதில் இனி ஏர் ஓட்ட முடியாது. அக்காவின் கொழுந்தன் வெள்ளையனுக்கு மனமில்லை.

"நல்லா யோசன பண்ணிக்க அண்ணி. ஒரு அணிலுக்கோசரமா?"

"யோசிச்சாச்சு. மேலாண்ட நெலத்த வெச்சிப் பொழச்சிக்கறேன். சும்மா தரிசா வுட்டா நாளைக்கே நீ ஏர் பூட்டுவ. கல்ல நட்டுட்டா உனக்கும் பயம், எனக்கும் பயம். கடப்பாறையப் புடி."

வெள்ளையன் முணுமுணுத்துக்கொண்டே பிடித்தார். எங்கள் சின்னசேலத்துப் பக்கமும் எல்லைக்கல் நகரும், ஆனால் பக்கத்து நிலத்துக்குள்தான் நகரும். சொந்த நிலத்தை விட்டுக்கொடுத்து நகர்ந்ததை இங்கேதான் பார்த்தேன்.

"மரம் வளந்து கெள கோக்க வருசக்கணக்கா ஆகுமே. அதுவரைக்கும் அணில் இருக்குமா?" என்று கேட்டேன்.

"மூங்கில் கட்டி வழி பண்ணுவோம். இது போயிட்டாலும் பெரிய காட்டுலேந்து வேற ஒண்ணு வரணும் இல்ல?"

மதியம் மறுகோடியில் கல்லை நட்டு முடித்ததும் பஸ்ஸுக்கு நேரமானது. காலையில் வந்தது போலவே நிலத்தின் குறுக்கே இறங்கினேன். மரவள்ளிக் கட்டைகளைத் தவிர அங்கே ஒன்றும் இல்லை. பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"செருப்பக் கழட்டிக்கினு போங்க. காடு இங்கேந்தே ஆரம்பிச்சிடுச்சி."