தங்கச்சி வீட்டுக் கண்ணாடிக் கோப்பி

இணுவிலில் எங்கள் வளவுக்கும் தங்கச்சியின் வளவுக்கும் நடுவில் ஒரு வேலிதான். அதில் ஆள் குனிந்து போகுமளவுக்கு ஒரு பொட்டு இருக்கிறது. அம்மா என்னோடு இருக்கிறார். பின்னேரம் நான்கு மணிக்கு அவருக்கு என் கோப்பி வேண்டும். கோப்பிக்கொட்டையோடு மல்லியும் வேர்க்கொம்பு என்கிற சுக்கும் சேர்த்து நானே வறுத்து, மாவாக அரைத்து வைத்திருப்பேன். சீனி போடுவதில்லை. உள்ளங்கையில் ஒரு துண்டு பனங்கட்டி. ஒரு கடி, ஒரு மிடறு. குடித்து முடித்ததும் "ம்" என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காகத்தான் நான் அடுப்படியில் நின்றேன் என்றாலும் பிழையில்லை.

போன வருடம் தங்கச்சி சைபன் என்று ஒரு கண்ணாடிச் சாமான் வாங்கினாள். கீழே ஒரு குண்டு, மேலே ஒரு குவளை, நடுவில் வடிதுணி. குண்டுக்குக் கீழே ஸ்பிரிட் விளக்கைக் கொளுத்தினால் தண்ணீர் தானாக மேலே ஏறித் தூளோடு கலக்கும். விளக்கை எடுத்தால் கோப்பியாக வடிந்து கீழே இறங்கும். ஒரு கோப்பிக்கு இவ்வளவு கூத்தா என்று கேட்டேன். அம்மா காதில் போட்டுக்கொள்ளவில்லை. முதலில் பார்க்கப் போனார், பிறகு குடிக்கப் போனார், கடைசியில் நான்கு மணியானால் பொட்டுக்குள்ளால் குனிந்து போவதே வழக்கமாயிற்று. போகும்போது என் பனங்கட்டியைத்தான் கையில் கொண்டு போவார். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

நானும் ஒருநாள் போய்க் குடித்துப் பார்த்தேன். வாயில் வைக்க முடியாமல் இருந்திருந்தால் எவ்வளவு நிம்மதி. நல்ல கோப்பி. அன்று முழுக்க நான் ஒருவரோடும் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

போன மாதம் தங்கச்சியிடம் கடையில் வாங்கும் தூள் முடிந்துவிட்டது. அம்மா என் தூள் போத்தலைத் தூக்கிக்கொண்டு போனார். மாவாக இருந்தால் என்ன, கரகரப்பாக இருந்தால் என்ன, எல்லாம் கோப்பித்தூள்தானே என்பது எங்கள் மூவரின் நினைப்பும். சற்று நேரத்தில் தங்கச்சி கூப்பிட்டாள். போய்ப் பார்த்தால், விளக்கை எடுத்த பிறகும் கோப்பி மேலேயே நிற்கிறது. துணியில் என் தூள் சேறாக அப்பிக் கிடக்கிறது. அம்மா பனங்கட்டியைக் கையில் வைத்தபடி காத்திருக்கிறார். எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம்.

"விடு, நான் அம்மாவுக்கு வீட்டிலை ஊத்திக் குடுக்கிறன்" என்றேன். அம்மாவும் எழும்பினார். தங்கச்சி துணியைக் கழற்றிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"உன்னட்டை அம்மா இருக்கிறா, அக்கா. இத்தனை வருசமா அவ ஒருநாளும் என்ரை வீட்டிலை இருந்து கோப்பி குடிக்கேல்லை. இதை வாங்கின பிறகுதான் வந்தவ."

எரிச்சல் எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். அவளுடையது என்னுடையதைவிடப் பழையது.

மறுநாள் மல்லியும் வேர்க்கொம்பும் இல்லாமல் கொட்டையை மட்டும் வறுத்தேன். தண்ணீர் இறங்க வழி வேண்டுமே என்று கரகரப்பாக அரைத்தேன். நான்கு மணிக்கு அந்தப் போத்தலையும் பனங்கட்டியையும் அம்மாவிடம் கொடுத்தேன். வயிறு எரிந்துகொண்டுதான் இருந்தது.

"நீயும் வாவன், பிள்ளை" என்றார்.

வேலை கிடக்கிறது என்று சொல்லிவிட்டு, வேலியோரம் முருங்கையிலை ஆய்ந்துகொண்டு நின்றேன். அந்தப் பக்கமிருந்து "ம்" கேட்டது. அதற்குப் பிறகுதான் உள்ளே போனேன்.